கிளட்ச் போச்சுன்னா காரை வித்துடணுமா?

டிஸ்கி: நான் படிப்பது பி.காம். ஸ்பேனர் பிடித்த கை இல்லை, லெட்ஜர் பிடித்த கை. மெக்கானிக்கல் மக்கள் கோபப்படாமல் படிக்கவும். கணக்கு இடித்தால் மட்டும் சண்டைக்கு வரலாம் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். கிளட்ச் மாற்றணும் என்றாலே நம்ம ஊரில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட் என்ன விலை?" என்பதுதான். என்னைக் கேட்டால், முதலில் கேட்கவேண்டியது "கியர்பாக்ஸை இறக்கி ஏத்த என்ன கூலி?". பெரும்பாலான கார்களில் கிளட்ச் பிளேட்டைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸைக் கீழே இறக்கியே ஆகவேண்டும். அந்தக் கூலி ஒரே கூலி. உள்ளே 1 சாமான் மாற்றினாலும் அதுதான், 5 சாமான் மாற்றினாலும் கிட்டத்தட்ட அதுதான். இதைப் புரிந்துகொண்டால் மிச்ச முடிவெல்லாம் தானாக வந்துவிடும். புரியவில்லை என்றால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை கூலி கொடுப்போம்.

இந்த வருஷம் எங்கள் குடும்பத்தில் இதை வைத்து ஒரு மாதம் பஞ்சாயத்து ஓடியது. சித்தப்பாவிடம் ஒரு பழைய ஆக்டேவியா ஆர்எஸ் இருக்கிறது. 2004-இல் ஸ்கோடா இங்கே கொண்டுவந்த கார். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத் திறன், 210 நியூட்டன் மீட்டர் டார்க், 5 கியர் மேனுவல். இப்போது கேட்டால் "இவ்வளவுதானா?" என்பீர்கள். 2022-இல் வந்த விர்ட்டஸ் 1.5 டர்போவுக்கும் அதே 150 தான், அது வீட்டுக்கு வாங்கும் கார். ஆனால் மாருதி 800-உம் இண்டிகாவும் ஓடிக்கொண்டிருந்த ரோட்டில் 150 என்பது வேறு கதை. சித்தப்பா கோயம்புத்தூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். இந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி, 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பித்து, பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார். அதன் கிளட்ச் ஸ்லிப் ஆக ஆரம்பித்தது. தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டிய ஜூன் மாதம் பக்கத்தில் நின்றது. "வித்துடுங்க" என்றார் சித்தி. "வித்தா இனி இப்படி ஒண்ணு கிடைக்காது" என்றார் சித்தப்பா. நடுவில் நான், பி.காம். படிக்கிறேன் என்ற ஒரே பாவத்துக்காக.

முதலில் கிளட்ச் எப்படித் தேய்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அதில்தான் நடந்தது. "90,000 கிலோமீட்டர்லயே போயிடுச்சே, வண்டியே சரியில்ல" என்பது சித்தியின் கட்சி. கிளட்ச்சின் வயதைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது. நாங்கள் டிப்ரிசியேஷனில் இரண்டு வகை படிப்போம். ஒன்று வருஷக் கணக்கு. இன்னொன்று, மெஷின் எத்தனை யூனிட் உற்பத்தி செய்ததோ அந்தக் கணக்கு. கிளட்ச் இரண்டாவது வகை. அதன் யூனிட், நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கிளப்புவது. 5-ஆவது கியரில் சேலம் வரை போனால் பிளேட் கிட்டத்தட்ட தேய்வதே இல்லை, ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. தேய்வதெல்லாம் இரண்டும் வேறு வேறு வேகத்தில் உரசும் அந்த ஓரிரு விநாடியில்தான்.

பக்கத்து ரூம் மெக்கானிக்கல் நண்பன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சமதரையில் நின்ற காரை முதல் கியரில் கிளப்பும்போது, எஞ்சின் வேகத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு கிளட்ச்சை விட்டால், அது முழுசாகப் பிடிக்கும் நேரத்தில் காருக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் வந்திருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே அளவு வெப்பமாகக் கிளட்ச்சில் இறங்கியிருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் (பத்தாம் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா?). அதனால் 1,500 ஆர்பிஎம்மில் கிளப்புவதற்குப் பதில் 3,000-இல் கிளப்பினால் வெப்பம் இரண்டு மடங்கு இல்லை, 4 மடங்கு. சிக்னலில் பச்சை விழுந்ததும் சீறிக் கிளம்பும் அண்ணன்மார்கள் கவனிக்கவும்.

அதைவிட மோசம், மேட்டில் ஹேண்ட் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது. வண்டி நகரவே இல்லை, ஆனால் பிளேட் முழு நேரமும் உரசிக்கொண்டிருக்கிறது. வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவும் கிளட்ச்சைத் தின்றுவிடாது. லீவு நாளில் குன்னூர் மேட்டில் ஜாமில் மாட்டி அங்குலம் அங்குலமாக ஏறுவது தின்னும். அவிநாசி ரோட்டில் மேம்பாலம் கட்டி 2025 அக்டோபரில் திறந்தார்கள். அதற்கு முந்தைய வருஷங்களில் அந்த ரோட்டில் தினமும் கடைக்குப் போய்வந்த காருக்கு 90,000 என்பது குறைவே இல்லை. வண்டி மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று சித்தியிடம் சொன்னேன். "அப்ப ஓட்டுனவரு மேலதான் குத்தம்" என்றார். வாதம் வேறு திசையில் போய்விட்டது, விடுங்கள்.

ஸ்லிப் ஆகிறதா என்று எப்படித் தெரியும்? பெடல் ரொம்ப மேலே வந்து பிடித்தால் கிளட்ச் போச்சு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கேபிள் வண்டிகளுக்கு அது சரி. ஆக்டேவியா மாதிரி ஹைட்ராலிக் கிளட்ச்சில் தேய்மானத்தை ஆயிலே ஈடுகட்டிவிடும், பெடலை வைத்துப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நம்பத் தகுந்த சோதனை இதுதான்: காலி ரோட்டில் 3-ஆவது அல்லது 4-ஆவது கியரில் மெதுவாகப் போய், ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, ஸ்பீடோ முள் சோம்பேறியாக நின்றால் ஸ்லிப். டர்போ வண்டியில் இது சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் 2,000 ஆர்பிஎம் பக்கத்திலேயே முழு டார்க்கும் ஒரேயடியாக வந்து இறங்கும். அதே தேய்மானம் ஒரு சாதா 1.2 லிட்டர் காரில் இன்னும் பல மாதம் வெளியே தெரியாமல் இருக்கலாம்.

(ஆக்டேவியாக்காரர்களுக்கு மட்டும்: கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பாதான். பெடல் தொளதொள என்று போனாலோ கியர் விழ மறுத்தாலோ அது பிளேட் தேய்மானமாக இருக்காது, முதலில் அந்த டப்பாவையும் ஸ்லேவ் சிலிண்டரையும் பாருங்கள். இந்த வண்டியில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இருப்பதால் அதை மாற்ற எதையும் இறக்க வேண்டாம். இது தெரியாமல் முழு கிளட்ச்சுக்கும் பணம் கட்டியவர்கள் உண்டு.)

இப்போது கணக்கு. முதலில் போன ஒரு ஒர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம்) "பிளேட் மட்டும் போட்டுக்கலாம், எதுக்கு அனாவசியமா செட்டு" என்றார்கள். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். கீழே இருப்பது உதாரண எண்கள், விலைப்பட்டியல் இல்லை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலி 15,000. பிளேட் 9,000. பிரஷர் பிளேட் 11,000. ரிலீஸ் பேரிங் 3,000. கிராங்க் பின்பக்க ஆயில் சீல் 1,500 என்று வைத்துக்கொள்வோம்.

பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதே மாற்றினால் கூடுதல் செலவு 3,000. மாற்றாமல் விட்டு, அடுத்த வருஷம் அது கத்த ஆரம்பித்தால் 3,000-மும் 15,000-மும் சேர்த்து 18,000. அப்படியென்றால் பழைய பேரிங் புது பிளேட்டின் ஆயுளுக்குள் போய்விட 6-க்கு 1 வாய்ப்பு இருந்தாலே இப்போது மாற்றுவதுதான் லாபம். 90,000 கிலோமீட்டர் ஓடிய பேரிங்குக்கு அந்த வாய்ப்பு இல்லை என்று யாராவது சத்தியம் செய்வார்களா? விவாதமே வேண்டாம், மாற்றணும்.

பிரஷர் பிளேட் கொஞ்சம் யோசிக்க வைக்கும். இப்போது 11,000. பிறகென்றால் 26,000. வாய்ப்பு 42 சதவீதத்தைத் தாண்டினால்தான் லாபம். வெறும் உடைவதை மட்டும் பார்த்தால் நானும் "விட்டுவிடலாம்" என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அது உடைந்தால்தான் நஷ்டம் என்று இல்லை. ஸ்லிப் ஆன கிளட்ச்சில் பிரஷர் பிளேட்டின் முகம் சூடேறி நீலம் பாய்ந்திருக்கும், சில சமயம் வளைந்தும் இருக்கும். புது பிளேட்டை அதன் மேல் போட்டால் முழுப் பரப்பும் ஒட்டாது, பிடிப்பு குறைவு, புதுசும் சீக்கிரம் தேயும். 9,000 ரூபாய் பிளேட்டின் ஆயுளை 11,000 மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று நாமே குறைக்கிறோம். அதனால் செட்டாகவே மாற்று என்பதே என் கட்சி.

ஆயில் சீலில்தான் சுவாரசியம். 1,500 இப்போது. பிறகு கசிந்தால் கூலி 15,000, சீல் 1,500, ஆயில் குடித்த புது பிளேட் 9,000, ஆக 25,500. நூற்றுக்கு 6 வாய்ப்பு இருந்தாலே மாற்றணும் என்கிறது கணக்கு. இதை இரண்டாவதாகப் போன மெக்கானிக் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "காஞ்சு கெடந்தா அதத் தொடக் கூடாதுங்க தம்பி. நல்லா இருக்கறதப் புடுங்கிப் புதுசு போட்டு, அது கசிஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்றார். நியாயம். புது சீல் மாட்டும்போதே தப்பாகப் போக ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதை நான்கு பத்தி கணக்கில் எழுத முடியாது, 30 வருஷம் கை அழுக்கானவருக்குத்தான் தெரியும். திறந்து பார்த்து ஈரம் இருந்தால் மட்டும் மாற்றுவது என்று முடிவானது.

அடுத்தது ஃப்ளைவீல். பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கம், ஃப்ளைவீலை லேத் பட்டறைக்கு அனுப்பி முகம் சீவி வாங்கி மாட்டுவது. இந்த மாதிரி கார்களில் இருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல். ஒரே இரும்புத் தட்டு இல்லை, இரண்டு தட்டு, நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகள். எஞ்சின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் அவை வாங்கிக்கொள்ளும். இதை லேத்தில் போடக் கூடாது. கையால் சுற்றிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, விளையாட்டு அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். இல்லையென்றால் புதுசு, அதன் விலை கிளட்ச் செட்டையே தாண்டலாம். இங்கேதான் பலர் "சிங்கிள் மாஸ் போட்டுடலாம், மலிவு" என்று இறங்குவார்கள். போடலாம். ஆனால் பாதிக் கதை தெரிந்துகொண்டு போடக் கூடாது. டூயல் மாஸுக்கு வரும் கிளட்ச் பிளேட்டின் நடுவில் பொதுவாக ஸ்பிரிங் இருக்காது, அந்த வேலையை ஃப்ளைவீல் பார்த்துக்கொள்வதால். அதே பிளேட்டைக் கெட்டி ஃப்ளைவீலோடு மாட்டினால் அதிர்வைத் தாங்க யாருமே இல்லை. நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸ் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டிய மாதிரி சத்தம் போடும். மாற்றினால் ஸ்பிரிங் பிளேட்டோடு சேர்ந்த கிட்டாக மாற்றணும். சித்தப்பாவின் ஃப்ளைவீல் அளவுக்குள் இருந்தது, தப்பித்தார்.

இனி எனக்குக் கடுப்பான விஷயம்: ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 கிளட்ச். பெர்ஃபார்மன்ஸ் கார் வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும், "எப்படியும் இறக்கறீங்க, அப்படியே ஸ்டேஜ் 2 போட்டுடுங்க" என்பார்கள். கூலி ஒன்றுதான் என்ற என் வாதத்தையே எடுத்து என்னையே அடிக்கிறார்கள்! ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பது நான்கு விஷயத்தின் பெருக்கல்: உரசும் பொருளின் பிடிப்பு, பிரஷர் பிளேட் அமுக்கும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம், உரசும் பக்கங்களின் எண்ணிக்கை. ஒற்றை பிளேட்டுக்கு 2 பக்கம் என்பது நிலையானது. பெல் ஹவுசிங்குக்குள் இடம் அளவுதான் என்பதால் ஆரத்தையும் பெரிதாகக் கூட்ட முடியாது. மிச்சம் இரண்டு. அமுக்கும் விசையைக் கூட்டினால் பெடல் கனக்கும், அதை மிதிப்பது உங்கள் இடது கால்தான், காந்திபுரம் சிக்னலில், ஒரு நாளைக்கு 200 தடவை. பிடிப்பைக் கூட்ட செராமிக் பட்டை போட்டால் மெதுவாகப் பிடிக்கும் சமாச்சாரமே போய்விடும். ஒன்று பிடிக்கும், இல்லை பிடிக்காது. ரிவர்ஸில் வீட்டுக்குள் வண்டியை விடும்போது உதறும்.

ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு இது வேண்டும். கரி மோட்டார் ஸ்பீட்வே நம்ம ஊர் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே ட்ராக்கில் ஓட்டுகிறவர் போடட்டும். ஈசியூ ரீமேப் செய்து டார்க்கை மூன்றில் ஒரு பங்கு ஏற்றியவருக்கும் தேவைப்படலாம், அதிலும் உதிரி கடையில் டார்க் கொள்ளளவு எண்ணைக் கேட்டு வாங்கணும். "ஸ்டேஜ் 2" என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கும் பெயர். ரீமேப் செய்யாமல் 210 நியூட்டன் மீட்டரிலேயே ஓடும் காருக்கு, வண்டியோடு வந்த மாதிரியான கிளட்ச் போதும். வருஷக்கணக்கில் தாங்கியதுதானே அது?

சரி, விற்பதா வைத்துக்கொள்வதா? சித்தப்பா இதுவரை காரில் போட்ட பணத்தைச் சொல்லிச் சொல்லி "இவ்வளவு செஞ்சாச்சே" என்றார். அது செத்த பணம் சித்தப்பா, கணக்கில் வராது என்றேன். முகம் வாடிவிட்டது. ஆனால் சித்தியின் கணக்கிலும் ஓட்டை இருந்தது. கிளட்ச் ஸ்லிப் ஆகும் காரை வாங்க வருபவர், கிளட்ச் செலவை மட்டும் கழிக்க மாட்டார். தன் அலைச்சல், "உள்ள இன்னும் என்ன போயிருக்குமோ" என்ற பயம் எல்லாவற்றையும் சேர்த்துக் கழிப்பார். விற்பதாக இருந்தாலும் மாற்றிவிட்டு விற்பதே மேல், அதனால் இரண்டு முடிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்றேன்.

அதற்கு சித்தி கேட்ட கேள்விதான் இந்த மொத்தப் பஞ்சாயத்திலும் ஆகச் சிறந்த கேள்வி. "கிளட்ச் சரி. அடுத்து என்ன வரும்? அதையும் எழுது." எழுதினோம். இந்த எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் உண்டு, அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லை. அதோடு வாட்டர் பம்ப், 4 டயர். அடுத்த 2 வருஷத்துக்குத் தேவையான தொகை கிளட்ச்சைப் போல இரண்டரை மடங்கு வந்தது. சித்தப்பா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காரை வைத்துக்கொள்ளும் செலவு கிளட்ச் இல்லை, அந்தத் தாள் மொத்தமும்தான் என்பதை சித்தி மட்டும்தான் சரியாகப் பிடித்தார், காமர்ஸ் படிக்காமலே.

(கொசுறு: இதே கேள்வி கம்பெனிக் கணக்கிலும் உண்டு. சாதாரண பராமரிப்பு என்றால் அந்த வருஷச் செலவு. ஆனால் இந்திய கணக்கியல் தரம் 16-இன்படி, ஒரு சொத்தின் பெரிய பாகத்தை மாற்றி அது பல வருஷம் பலன் தருமென்றால், புதுசை சொத்தில் சேர்த்து பழைய பாகத்தின் மிச்ச மதிப்பைக் கழித்துவிடலாம். ஒரு கார் கிளட்ச்சுக்கு யாரும் அப்படிச் செய்யப்போவதில்லை. ஆனாலும் கார் என்பது வேறு வேறு ஆயுள் உள்ள பாகங்களின் கூட்டம் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது.)

கடைசியில் முடிவானது இப்படி. முதலில் ஃபீஸ். அதுவரை கார் தார்ப்பாய் போர்த்தி ஷெட்டில் நின்றது, சித்தப்பா ஸ்கூட்டரில் கடைக்குப் போனார். ஜூலையில் கிளட்ச் செட், அதே கையோடு டைமிங் பெல்ட். டயர் அடுத்த வருஷம். அந்தத் தாளில் இல்லாத பெரிய செலவு ஏதாவது ஒன்று வந்தால் விற்றுவிடுவது என்று சித்தப்பா வாயாலேயே சொல்லவைத்து, சித்தி தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டார். அந்தத் தாள் இப்போது சாமி ரூமில் இருக்கிறது.

மாற்றப்போகிறவர்களுக்கு மெக்கானிக் அண்ணன் சொன்ன சிலதை அப்படியே தருகிறேன். ஃப்ளைவீலைக் கழற்றினால் அதன் போல்ட் புதுசாக வாங்கணும், அது நீண்டு இறுகும் வகை, இரண்டாம் தடவைக்கு ஆகாது. கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பல்லில் கிரீஸை நாக்கில் தேன் தடவுகிற மாதிரிதான் தடவணும், அதிகமானால் தெறித்து பிளேட்டில் ஒட்டும். பெல் ஹவுசிங்கில் இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு, ஈரத்துணியால் துடைக்கணும். கழற்றிய பழைய சாமானை எல்லாம் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்டி கைக்கு வந்த பிறகு முதல் 500 கிலோமீட்டர் டவுனுக்குள் சாதுவாக ஓட்டணும், புது பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றுக்கொன்று படிந்து வரட்டும். சித்தப்பா இப்போது 340-இல் இருக்கிறார். வால்பாறைக்கு எப்போது என்று தினமும் ஓடோமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.